‘கால்’ என்ற சொல்லுக்குப் பொருள்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். பெட்டியும் வந்து சேர்ந்தது, அதன் கைப்பிடி மட்டும் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது. நீ எப்படி இருக்கிறாய்? இருமல் விட்டதா?

வேலை செய்யும் இடம் நான்கு மாடி முதியோர் இல்லம். அதில் நான் இருப்பது தரைக்கும் கீழே, சலவை அறையில். ஒன்பது இயந்திரங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு அதிர்கின்றன. கூரையை ஒட்டி ஒரு நீள ஜன்னல். அதில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். மூன்று வாரத்தில் பாதி ஊரைக் காலணியை வைத்தே அடையாளம் சொல்லப் பழகிவிட்டேன்.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு அம்மா. கதவு நிலையில் குனிந்துதான் உள்ளே வருவார். மனசுக்குள் நெட்டை மேடம் என்று பெயர் வைத்திருக்கிறேன். நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் அவர் பேசுவது எனக்குப் பிடிபடவில்லை. சொல் தெரியவில்லை என்றால் பரவாயில்லை. எல்லாச் சொல்லும் தெரிகிறது, சேர்த்துச் சொன்னால் வேறு எங்கோ போய்விடுகிறது.

நேற்று நடந்ததைக் கேள். ஈரமான படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு “கிவ் மீ எ ஹேண்ட்” என்றார். மூன்று சொல்லும் எனக்குத் தெரியும்தானே! கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு போய், அவர் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினேன். விரிப்பு தரையில் விழுந்தது. மறுபடியும் துவைக்க வேண்டியதாயிற்று.

உன் நூலகத்தில் மேஜையை விட்டு நகராத தடித்த அகராதி ஒன்று உண்டு என்பாயே, அதில் இந்த மாதிரிப் பேச்செல்லாம் இருக்குமா? பார்த்து எழுதினால் புண்ணியமாகப் போகும்.

உன் அண்ணன் எப்படி இருக்கிறார்? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். ஆனால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அன்புடன்,
அண்ணி


மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். இருமல் போய்விட்டது. இப்போது நீங்கள் குலுக்கிய கையை நினைத்துச் சிரித்ததில் விக்கல் வந்திருக்கிறது.

அகராதியைப் பார்த்தேன். நாம் ‘கை கொடு’ என்று உதவிக்குக் கூப்பிடுவதில்லையா, அதேதான் அது! தமிழில் யோசித்திருந்தாலே பிடித்திருப்பீர்கள். பயத்தில் மூளை பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நாம் பேசுவது மட்டும் என்ன ஒழுங்கு? போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, “உங்க அண்ணி இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு” என்றாள். உங்கள் மேடம் கேட்டால் கட்டுப்போட ஆளை அனுப்பியிருப்பார்.

வேலை முடிந்ததும் தினம் அரைமணி நேரம் அந்த அகராதியோடு உட்காருவது என்று முடிவு செய்துவிட்டேன். இந்த முறைக்கு மூன்று. யாராவது ‘அண்டர் த வெதர்’ என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். குடை கொடுக்காதீர்கள். ‘கோல்ட் ஃபீட்’ என்றால் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது. காலுறை தேடாதீர்கள். ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்றால் ரகசியத்தை உளறிக்கொட்டுவது. துடைப்பத்தோடு ஓடாதீர்கள்.

அண்ணன் நலம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.
உங்கள்,
வாலு


மார்ச் 28

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே உன் அகராதிக்கு வேலை வந்தது. இஸ்திரி போடும் பெண் “அண்டர் த வெதர்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். நான் அலட்டிக்கொள்ளாமல் போய் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ நான் பிறந்ததிலிருந்து ஆங்கிலத்திலேயே தும்மியவள் போல!

ஆனால் மறுநாளே சறுக்கினேன். இங்கே காலுறைகள் காணாமல் போவது பெரிய வியாதி. நெட்டை மேடம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, காணாமல் போன நாற்பது ஜோடியையும் சலவை அறைக்காரர்களே பின்னித் தரவேண்டும் என்று உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார். “எனக்குப் பின்னத் தெரியாதே மேடம்” என்றேன். உடனே விழுந்து விழுந்து சிரித்தார். “ஐ வாஸ் ஒன்லி புல்லிங் யுவர் லெக்” என்றார்.

வாலு, காலை வாரிவிட்டேன் என்று ஒருத்தர் நம் முகத்துக்கு நேரே சொல்வாரா? சொல்லிவிட்டுத் தோளிலும் தட்டுவாரா? எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்றாம் நாள் அவரே வந்து, மேல் மாடியில் ஒரு இடம் காலியாகிறது, உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன் என்கிறார். முதியவர்களோடு இருந்து கவனிக்கும் வேலை. தொலைபேசியில் வரும் செய்தியைக் கேட்டுச் சரியாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஏப்ரல் 24-ஆம் தேதி வாய்மொழித் தேர்வு. காலை வாரியவர் எதற்கு ஏணி போடுகிறார்? பார்த்து எழுது.

பெயர் கொடுத்த அன்று என்னிடம் வீட்டைப் பற்றி விசாரித்தார். லாரி ஓட்டும் கணவர், லாரியிலிருந்து சரிந்த குழாய்கள், உடைந்த இடது கால், ஏழு மாதக் கட்டு என்று எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். எலும்பு கூடிவிட்டது, லாரி ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லியும் அவர் ஓட்டவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் தமிழிலும் வார்த்தை இல்லை.

உன் கடிதத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம், உன் அண்ணனுக்கு இரண்டே சொல். அவர் கடைசியில் ஒரு வரி எழுதக்கூடாதா?

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

முதலில் சோறு சாப்பிடுங்கள். மேடம் உங்களைக் கேலிதான் செய்திருக்கிறார். தமிழில் காலை வாருவது துரோகம். ஆங்கிலத்தில் காலை இழுப்பது விளையாட்டு. பிடித்துப்போனவர்களிடம்தான் இப்படி விளையாடுவார்களாம். ஆகவே ஏணி போட்டதும் அவர்தான், சிரித்ததும் அவர்தான், இரண்டும் ஒரே மனசிலிருந்துதான்.

தேர்வுக்காகப் பன்னிரண்டு தொடர்களைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். பேருந்திலும் குளியலறையிலும் சொல்லிப் பாருங்கள். அகராதியில் ‘கை’ முடிந்து ‘தலை’, ‘இதயம்’ வரை பார்த்துவிட்டேன். மே மாதத் தொடக்கத்தில் நூலகப் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போகிறேன், பன்னிரண்டு நாள். அதனால் அடுத்த பதில் கொஞ்சம் தாமதமாகலாம்.

உங்கள் கடிதங்களைக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகத்தான் படிக்கிறேன். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

அண்ணன் நலம்.

தைரியமாகப் போய் வாருங்கள்.
வாலு


ஏப்ரல் 25

வாலு,

தேர்வுக்கு நான் போகவில்லை.

உன் பன்னிரண்டு தொடர்களும் மனப்பாடம். துவைத்துத் தேய்த்த சட்டை. நேற்றுக் காலை பத்து மணிக்கு இரண்டாம் மாடி நடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர்தான் பாக்கி. அப்போது நெட்டை மேடம் படியேறி வந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வருகிறாள் என்று. குனிந்து, என் தோளைப் பிடித்து, சிரித்துக்கொண்டே சொன்னாள், “ப்ரேக் எ லெக்!”

உன் காலை உடைத்துக்கொள்.

தப்பாகக் கேட்டிருப்பேனோ என்று “என்ன?” என்றேன். இன்னும் பெரிதாகச் சிரித்து, அதையே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

என் வீட்டில் கால் உடைந்தது அவளுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். அந்தக் கால் என்னையே வீட்டை விட்டு இவ்வளவு தூரம் கொண்டுவந்து போட்டதும் தெரியும். என்னைக் கேலி செய்யட்டும், காலை இழுக்கட்டும், அதையெல்லாம் தாங்குவேன். அவர் படுக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதில் விளையாட என்ன இருக்கிறது?

எழுந்தேன். படியிறங்கிக் கீழே வந்து இயந்திரத்தில் துணியைப் போட்டேன். என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. இன்று அவளிடம் பேசாமலிருக்க மதிய முறைக்கு மாற்றி எழுதி வாங்கிக்கொண்டேன்.

பதில் எழுத வேண்டாம். உன் அகராதியில் இதற்கு அர்த்தம் இருக்காது.

அண்ணி


மே 14

உனக்கு,

நான்தான்.

வாலு ஊரில் இல்லை. உன் கடிதம் அவள் பெயருக்கு வந்தது. மூன்று நாள் மேஜைமேல் கிடந்தது. அவள் வரட்டும் என்றுதான் இருந்தேன். நான்காம் நாள் பிரித்துவிட்டேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்தது தப்புதான்.

படித்தேன். அன்று முழுக்க ஒன்றும் ஓடவில்லை. மறுநாள் நூலகத்துக்குப் போனேன். அந்த அகராதியில் ‘கால்’ என்று ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு பக்கம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ரோட்டுப் பலகையில் இருக்கிற இங்கிலீஷ்தான், அதனால் எழுத்துக் கூட்டிப் படிக்க மதியம் ஆகிவிட்டது. ஒரே ஒரு சொல்லுக்கு நூலகரைக் கேட்டேன். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். நாடக மேடைக்குப் போகிறவருக்குச் சொல்லும் வாழ்த்து. நேராக வாழ்த்தினால் கெட்டுப்போகும் என்று பயந்து தலைகீழாகச் சொல்வது. மேடைக்கு மட்டும் இல்லை, எந்தப் பரீட்சைக்கும் சொல்லலாம்.

அந்த அம்மா உனக்கு நல்லதுதான் சொல்லியிருக்கிறார்கள். புரியவில்லை என்று நினைத்து இரண்டாம் தடவையும் சொல்லியிருக்கிறார்கள். போய்ப் பேசு.

நீ என் காலுக்காகப் பரீட்சையை விட்டுவிட்டு வந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைப் பற்றி எழுத வரவில்லை.

இங்கே மழை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.


மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகமாகத் திரும்பிவிட்டேன். வந்த இடத்தில் வீடு பழைய வீடாக இல்லை. அதனால் நானே உளறிக்கொட்டிவிடுகிறேன்.

‘அண்ணன் நலம்’ என்று எழுதியதெல்லாம் பொய். நீங்கள் கிளம்பிய நாளிலிருந்து அவன் பின்னறையை விட்டு வெளியே வந்ததே இல்லை. சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், வெளியே வரும். லாரி முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பினார். “கால் இல்லைன்னு சொல்லு” என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. இதை எழுதினால் மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள் என்று பயந்தேன்.

உங்கள் கடிதத்தை நீட்டினால் வாங்கமாட்டான். அதனால்தான் அவன் கதவுக்கு நேராகக் கூடத்தில் உட்கார்ந்து, எனக்கு நானே படிப்பது போல உரக்கப் படித்தேன். நீங்கள் மேடத்தின் கையைக் குலுக்கிய இடம் வந்தபோது உள்ளே ஏதோ சத்தம். இருமல் என்று நினைத்தேன். இல்லை. அவன் சிரித்தான், அண்ணி. அதற்குப் பிறகு உங்கள் கடிதம் வந்தால் அறைக்கதவு அரை சாண் திறந்திருக்கும்.

நான் ஊரில் இல்லாதபோது நடந்ததை நூலகர் சொன்னார். “உங்க அண்ணன் வந்திருந்தாரு. நம்ம கட்டடத்துக்கு முப்பத்தெட்டுப் படி இருக்கா, இருபதாவது படியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டாரு. நான் போய்க் கை கொடுத்தேன், வேணாம்னுட்டாரு. பெரிய அகராதி வேணும்னாரு. எந்த எழுத்துங்கன்னு கேட்டேன். கால்னாரு.”

வீட்டுக்கு வந்து அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி உள்ளே போய்விடுவானோ என்று பயம். அவன்தான் கேட்டான், “இங்கேருந்து கடுதாசி போய்ச் சேர எத்தனை நாளாகும்?”

உங்களிடம் பொய் எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.
வாலு


ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா என்று வாலுவிடம் கேட்டுக் கேட்டே பழகிவிட்டது. உங்களிடமே கேட்பதற்குக் கை கூசுகிறது. நலமா?

உங்கள் கடிதத்தைச் சலவை அறையில் நின்றபடியே படித்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துவிட்டேன். படித்து முடித்ததும் ஈரத் துணியை அப்படியே விட்டுவிட்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் சொன்னது எனக்கு வாழ்த்து என்று தெரியவில்லை. எங்கள் மொழியில் அது சாபம். என் கணவர் கால் நினைவுக்கு வந்தது. ஓடிவிட்டேன்.

அவர் அப்படியே துணிக்கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். கூடை ஒரு பக்கம் நெளிந்தது. முகம் கழுத்துவரை சிவந்துபோயிற்று. வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அவர் சொன்னது இதுதான். “உனக்குப் பயம் வந்துடுச்சுன்னு நினைச்சேன். அதான் என் மூஞ்சியைப் பாக்க நீ வெட்கப்படுறே போலன்னு விட்டுட்டேன். உன் வீட்டுக்காரர் காலைப் பத்தி நீயே சொல்லியும் என் வாயில அது வந்துச்சே! முட்டாள் நான்.” நீங்கள் இல்லை, நான்தான் முட்டாள் என்றேன். யார் பெரிய முட்டாள் என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். கடைசியில் தேநீர் குடித்தோம். அந்த அர்த்தத்தைத் தேடிக் கொடுத்தது யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் இன்னொன்று வருகிறதாம். என் பெயரை மறுபடியும் கொடுத்திருக்கிறார்.

கிளம்பிய அன்று நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். நான் வாசலில் பெட்டியோடு கொஞ்ச நேரம் நின்றேன். அதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேனாவில் எழுதிவிட்டேன்.

நூலகத்தில் முப்பத்தெட்டுப் படி என்று வாலு எழுதியிருக்கிறாள். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.
உங்கள் மனைவி


ஜூலை 11

உனக்கு,

நலம். இது வாலு எழுதுகிற நலம் இல்லை.

கம்பி இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம்தான். ஏறும்போது இடது பக்கம் வரும், வசதி. இறங்கும்போது வலது பக்கம் போய்விடும். என் கெட்ட கால் இடது. அதனால் கொஞ்ச நாள் பின்னோக்கி இறங்கினேன். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நேராகவே இறங்குகிறேன்.

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. நூலகத்தின் பின்புறம் ஒரு வேன் நிற்கிறது. ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோகிற வேன். ஓட்டுநர் இல்லாமல் இரண்டு வருஷமாக நிற்கிறதாம். நூலகர் ஒரு நாள் கேட்டார், “நீங்க லாரி ஓட்டினவராமே? இது லாரி மாதிரிக் கஷ்டம் இல்லைங்க. சும்மா உக்காந்து பாருங்களேன்.” உட்கார்ந்தேன். க்ளட்சை மிதிக்க இடது கால்தானே வேண்டும். முதல் நாள் மிதிக்கவே இல்லை. சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிவிட்டேன். இரண்டாம் நாள் மிதித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெருமுனை வரை போவதற்குள் மூன்று தடவை வண்டி நின்றது. தினம் போகிறேன். போன வாரம் சந்தைச் சாலையைச் சுற்றிவந்தேன். கால் வலிக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வலி வேறு, பயம் வேறு. இத்தனை நாள் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தேன்.

இதைச் செய்துவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். செய்யாமல் எழுதினால் அதுவும் வெறும் பேச்சு.

நீ அடிக்காமல் விட்ட வரிக்குப் பதில். அன்று நான் தூங்கவில்லை. நீ வாசலில் நின்றதும் தெரியும். திரும்பினால் போகாதே என்று சொல்லிவிடுவேன். சொன்னால் நீ போகமாட்டாய். அதனால் திரும்பவில்லை. அது மட்டும் இல்லை. கோபமும் இருந்தது. என்னால் முடியாததை நீ செய்யக் கிளம்பினாய் என்று கோபம். இரண்டும் உண்மை.

ஆகஸ்டில் பரீட்சைக்குப் போ. அந்த அம்மா எதைச் சொன்னாலும் உள்ளே போ.

உடம்பைப் பார்த்துக்கொள்.


ஆகஸ்ட் 21

அன்புள்ள உங்களுக்கும் வாலுவுக்கும்,

நலம், நலம், நலம். மூன்று பேருக்கும் சேர்த்து எழுதிவிட்டேன்.

நேற்றுத் தேர்வு. இந்த முறை நெட்டை மேடம் என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். வாயைத் திறக்கவே இல்லை. பெயரைக் கூப்பிட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்! நான்தான் எப்போதோ சொல்லிக்கொடுத்தேன். கட்டை விரல்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்து பயமெல்லாம் போயிற்று.

உள்ளே ஒரு மேஜை, அதில் தொலைபேசி. மணி அடித்தது. எடுத்தேன். மறுமுனையில் அடுத்த அறையிலிருந்து மருத்துவர் போல ஒருவர் பேசினார். மூன்றாம் மாடியில் இருக்கும் அம்மாவின் மகள் வருவார், அவரிடம் இதைச் சொல்லவேண்டும் என்றார். நேற்று உங்கள் அம்மாவின் நிலை ‘டச் அண்ட் கோ’, இன்று பரவாயில்லை.

வாலு, உன் தாள்களில் எல்லாம் தேடினேன், மனசுக்குள். இல்லை. தொட்டுவிட்டுப் போ? மருத்துவர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார் என்று சொல்லிவிடலாமா? கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. எதிரே தேர்வாளர் பேனாவோடு காத்திருந்தார். தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது அந்த மகளை நினைத்துப் பார்த்தேன். உயிர் போகிற விஷயமாக இருந்தால்? அர்த்தம் தெரியாமலேயே நான் ஐந்து வாரம் ஒரு நல்ல மனுஷியிடம் பேசாமல் இருந்தவள். இன்னொருத்தி வீட்டிலும் அதைச் செய்யலாமா?

“மன்னிக்கணும். நீங்க சொன்னது எனக்குப் புரியலை. வேற வார்த்தையில சொல்ல முடியுமா?” என்று கேட்டேன்.

மறுமுனையில் இருந்தவர், “பிழைப்பாரா மாட்டாராங்கிற நிலைமையில இருந்தாங்க. இப்ப ஆபத்து இல்லை” என்றார். அதை எழுதிக்கொண்டு, வரிக்கு வரி திருப்பிச் சொன்னேன். சரியா என்றும் கேட்டேன். ஃபோனை வைத்ததும் தேர்வாளர் சொன்னார். எனக்கு முன் ஐந்து பேர் வந்தார்களாம். ஐந்து பேரும் புரிந்தது என்று தலையாட்டினார்களாம். இரண்டு பேர் தப்பாகச் சொன்னார்களாம். கேட்டது நான் ஒருத்திதானாம்.

திங்கட்கிழமையிலிருந்து எனக்கு இரண்டாம் மாடி. அங்கே ஜன்னல்கள் பெரிது. மனுஷர்களைத் தலையிலிருந்து பார்க்கலாம்.

வேனைப் பற்றி எழுதுங்கள்.
அன்புடன்


செப்டம்பர் 19

உனக்கு,

நலம். உன் கடிதத்தை இந்தத் தடவை நான்தான் உரக்கப் படித்தேன். வாலு கேட்டுவிட்டு அழுதாள். அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள், எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் தேதியிலிருந்து வேன் ஓட்ட எனக்கு உத்தரவு கொடுத்துவிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள், பதினோரு ஊர். வாலு பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் எடுத்துக் கொடுப்பாள். மேட்டில் வண்டி ஏறும்போது மட்டும் இடது முழங்காலைப் பிடித்துக்கொள்வேன். அவள் ஜன்னல் பக்கம் பார்ப்பது போல் இருந்துகொள்வாள். நல்ல பெண்.

சலுகை எதுவும் கேட்கவில்லை. காலையில் நான்தான் முதலில் போய் வண்டியைத் துடைக்கிறேன்.

உன் விடுப்பு எப்போது? கேட்பதால் அவசரப்படாதே. அங்கே இரண்டு வருஷம் என்று ஒப்புக்கொண்டு போயிருக்கிறாய், இரண்டு வருஷமும் இருந்து முடி. நான் வா என்று கூப்பிடுவதற்காக எழுதவில்லை. எப்போது என்று தெரிந்தால் எனக்கு நாள் எண்ண வசதி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் கணவன்


நவம்பர் 26

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். அங்கே அனைவரும் நலம் என்பதை இனி நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

விடுப்பு கிடைத்துவிட்டது. நான்கு வாரம். டிசம்பர் 14, சனிக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு விமானம் இறங்குகிறது. இரண்டாம் மாடியில் என் இடத்தைப் பார்த்துக்கொள்ள நெட்டை மேடமே வருகிறார். என்ன வாங்கிவர என்று கேட்டேன். உங்கள் வேனுக்கு முன்னால் நீங்கள் நிற்கிற புகைப்படம் ஒன்று வேண்டுமாம்.

ஜனவரியில் திரும்பி வருவேன். அதைச் சொல்லிவிட்டால்தான் எனக்கு நிம்மதியாக வர முடியும். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள் என்று இப்போது தெரியும். ஒரு வருஷத்துக்கு முன்னால் தெரிந்திருக்காது.

விமான நிலையத்திலிருந்து வீடு ஆறு மணி நேரம். சாலையும் மோசம். பக்கத்து வீட்டு அக்காவின் தம்பி டாக்ஸி ஓட்டுகிறார், அவரை அனுப்பச் சொல்லி வாலுவுக்கு நேற்றே ஒரு கடிதம் எழுதினேன். உறையை ஒட்டினேன், தபால்தலையும் ஒட்டினேன். இன்று காலை அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

யாரையும் அனுப்ப வேண்டாம். வழியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு அவசரம் இல்லை. நீங்களே வந்து என்னைக் கூட்டிப்போங்கள்.

உங்கள் மனைவி